ங வரிசையில் ஓர் ஊர்

ஒரு திங்கட்கிழமை காலை ஏழு மணி வாக்கில் அந்த அழைப்பு வந்தது. தங்கை குளித்துக்கொண்டிருந்தாள். அவள் போன் அடுப்பு மேடையில் கிடந்து அடித்தது. திரையில் நம்பர் எதுவும் இல்லை. நான் எடுத்தேன்.

பேசியது அவள் கணவன். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஃபிட்டராக இருந்தவன். ஒரு ஏஜென்ட் மூலம் மீன் ஏற்றும் கப்பல் ஒன்றில் வேலைக்குப் போயிருந்தான். போய் ஐந்து மாதம். சிங்கப்பூரில் கப்பல் ஏறிய அன்று பேசினான். அப்புறம் இரண்டு முறை பேசினான். கடைசி இரண்டு மாதமாக ஒரு சொல்லும் இல்லை. அதனால் அவன் குரலைக் கேட்டதும் நான் "அலோ, அலோ" என்று கத்த ஆரம்பித்துவிட்டேன். அவன் பேசிக்கொண்டே போனான், நான் கத்திக்கொண்டே இருந்தேன். லைன் அறுந்துவிட்டது.

தங்கையின் போனில் எல்லா அழைப்பும் தானாகப் பதிவாகும். பழைய போன். அதை எப்படி நிறுத்துவது என்று தெரியாமல் விட்டிருந்தோம். முப்பத்தெட்டு நொடி பதிவாகியிருந்தது. தலையில் ஈரத் துண்டோடு வந்து நின்று அவள் அதைக் கேட்டாள். மறுபடி கேட்டாள். இரைச்சலுக்கும் என் கத்தலுக்கும் நடுவே அவன் சொன்னதில் வெளியே வந்தது இவ்வளவுதான்:

"...பத்திரி... கீறேன் மச்சான்... பாங்கோ... பாங்கோ... எழுதிக்கோ... இன்னிக்கு ஞாயித்துக்கெழம... கால... எடுக்கணுன்றாங்க... இன்னா பண்ணட்டும்... அவளாண்ட கேட்டு சொல்லு..."

எங்கள் பக்கத்துப் பேச்சில் பாதி எழுத்து தொண்டையோடு நின்றுவிடும். வீடு என்பது ஊடு ஆகும், இருக்கிறேன் என்பது கீறேன் ஆகும். மீதியைக் கேட்கிறவன் போட்டு நிரப்பிக்கொள்ள வேண்டும். பிறந்ததிலிருந்து செய்வதால் அதைச் செய்கிறோம் என்பதே எங்களுக்குத் தெரியாது. அன்றும் அதைத்தான் செய்தோம்.

"பத்திரமா கீறேன்னு சொல்லுது" என்றாள் தங்கை. "பாங்காக்ல கீதாம். லைனு செரியில்லன்னு ஊர் பேர ரெண்டு வாட்டி சொல்லுது. காலைல கப்பல எடுக்கணுமாம்."

"இன்னா பண்ணட்டும்னு எதுக்குக் கேக்கறான்?"

"ஆறு மாசம் ஆயிட்டா வரதா, இன்னும் ஆறு மாசம் இருக்கறதான்னு அப்பவே பேசிகினு இருந்தோமே. அதான். என்னாண்ட கேட்டு சொல்லணுமாம்." துண்டை அவிழ்த்து முடியைத் துவட்டினாள். "வந்துடுன்னு சொல்லணும். இனிமே போன் வந்தா கத்தாம சொல்லு."

எல்லாம் ஒழுங்காகப் பொருந்தியது. ஒன்று மட்டும் பொருந்தவில்லை. அன்றைக்குத் திங்கட்கிழமை. அவன் ஞாயிறு என்கிறான்.

"கடல்ல கீறவனுக்குக் கெழமை எப்டித் தெரியும்" என்று நான் சொன்னேன். அவளும் சரி என்று வேலைக்குக் கிளம்பினாள். எஸ்டேட்டில் ஒரு பேக்கிங் பிரிவில் அவளுக்கு வேலை. உள்ளே போனை எடுத்துப் போக விடமாட்டார்கள். எனக்கோ அப்போது வேலை எதுவும் இல்லை, கான்ட்ராக்ட் முடிந்து துணிப்பையோடு அவள் வீட்டில் வந்து கிடந்தேன். "போன் உன்னாண்டயே இருக்கட்டும்" என்று கொடுத்துவிட்டுப் போனாள்.

அவள் போன பிறகு இன்னொரு முறை கேட்டேன். 'கால' என்கிறான். பிறகு என் "அலோ" வந்து விழுகிறது. பிறகு 'எடுக்கணுன்றாங்க' என்கிறான். அந்த இடத்தில் ல என்று ஒரே ஒரு எழுத்து இருந்திருந்தால் காலையில் கப்பல் புறப்படுகிறது. எழுத்து எதுவும் இல்லாமல் இருந்திருந்தால் அவன் காலை எடுக்கிறார்கள். இருந்ததா இல்லையா என்று தெரியாது, அந்த இடத்தில் இருப்பது என் குரல்.

இதை அவளிடம் நான் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம். சும்மா ஒரு எழுத்தைப் பிடித்துக்கொண்டு ஒரு பெண்ணை எதற்குப் பயமுறுத்த வேண்டும் என்று நினைத்தேன்.

ஊர்ப் பெயரைப் பற்றி எனக்குச் சந்தேகமே வரவில்லை. ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். அதற்கப்புறம் பார்த்த ஊர்களெல்லாம் காதால் கேட்டுப் போன ஊர்கள்தான். லாரியில் கிளீனராக நாக்பூர், ஒரு ஓட்டலில் எச்சில் தட்டு எடுத்துக்கொண்டு சூரத், மீன் கம்பெனியில் இறால் உரித்துக்கொண்டு வேராவல். ஒருமுறை ராய்ப்பூருக்கு டிக்கெட் கேட்டேன், கவுண்டரில் ராய்ச்சூருக்குக் கொடுத்துவிட்டார்கள். படிக்காமல் வாங்கிக்கொண்டு ராய்ச்சூரில் போய் இறங்கினேன். அங்கேயும் மூட்டை இருந்தது, தூக்க ஆள் வேண்டியிருந்தது. மூன்று மாதம் இருந்தேன். ஊர் மாறிப் போவது எனக்கு ஒரு பெரிய விஷயமாக இருந்ததே இல்லை. தினசரி காலண்டரில் கிழித்த தாளின் பின்னால் பாங்காக் பாங்காக் என்று இரண்டு முறை எழுதிப் பையில் வைத்துக்கொண்டேன்.

செவ்வாய் முழுக்க போன் வரவில்லை. புதன்கிழமை நான் பூந்தமல்லிக்குப் போனேன். அவனை அனுப்பிய ஏஜென்ட், ஒரு பாத்திரக் கடைக்கு மேல் மாடியில் அறை வைத்திருந்தார். கப்பலுக்குப் போன் போடச் சொல்லி, ஒரே ஒரு வார்த்தை, 'வந்துடு' என்று சொன்னால் போதும் என்றேன். அவர் கணினியில் எதையோ பார்த்தார்.

"இன்னா நைனா, உன் மாப்ள கப்பல்லயே இல்லியே."

"இல்லன்னா?"

"எறங்கிட்டான். லிஸ்ட்ல பேரு இல்ல."

"எங்க எறங்கினான்?"

"அத்த அவனத்தான் கேக்கணும்."

"பாங்காக்ல கீறேன்னு திங்கக்கெழம போன் பண்ணானே."

அவர் சிரித்தார். "அண்ணாத்தே, அந்தக் கப்பலு பாங்காக் பக்கமே போவல. பசிபிக்ல கீது."

"பசிபிக்குன்னா எந்த ஊரு?"

"ஊரா? தண்ணி. வெறும் தண்ணி. அதுல இருக்கவேண்டியவன் பாங்காக்ல கீறேன்னு சொல்றான்னா இன்னா அர்த்தம்? ஓடிட்டான்னு அர்த்தம். நீ ரொம்பக் கேட்டா அதையே எழுதிக் குடுத்துடுவேன். அப்பறம் அவன் பாஸ்போர்ட்ட மறந்துடு."

அந்த ஆள் வாயில் உண்மை வந்து நான் பார்த்த ஒரே தடவை அதுதான். கப்பல் பாங்காக் பக்கம் போகவே இல்லை என்றால் பாங்காக் என்பது தப்பாக இருக்குமோ என்று அங்கேயே யோசித்திருக்க வேண்டும். நான் யோசிக்கவில்லை. பொய் சொல்கிறார் என்று முடிவு செய்துவிட்டேன். மறுநாள் போனில் கூப்பிட்டால் எடுக்கவில்லை. அதற்கு மறுநாள் அந்த அறை பூட்டியிருந்தது. பாத்திரக் கடைக்காரரைக் கேட்டதற்கு, "நேத்தே சேர் எல்லாம் ஏத்திகினு போயிட்டாங்களே" என்றார்.

ஏஜென்ட் சொன்னதைத் தங்கையிடம் சொன்னேன். அவள் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தாள். "ஓடறதுக்கு அது இன்னா சின்னப் பையனா" என்று மட்டும் சொல்லிவிட்டுச் சாப்பிட்டாள். சாப்பிட்ட பிறகு, "கப்பல்லயும் இல்லன்னா யாராண்ட சொல்லி அனுப்பறது?" என்று கேட்டாள். "சொல்லுன்னு கேட்டுகினு ஒக்காந்துகினு இருக்குமே."

வியாழக்கிழமை ஆவடியில் ஒரு டைப்பிங் கடையில் மனு அடித்தேன். கலெக்டருக்கு ஒன்று, தூதரகத்துக்கு ஒன்று. கண்ணாடி போட்ட ஒருவர் அடித்தார். என் காலண்டர் தாளைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"பாங்காக் பாங்காக்னு ரெண்டு வாட்டி கீதே. ரெண்டு வாட்டியும் அடிக்கணுமா?"

"ஒரு வாட்டி போதும் சார். அவன் போன்ல ரெண்டு வாட்டி சொன்னான், நான் அப்டியே எழுதிட்டேன்."

"நல்லா எழுதின போ. ஒரு ஊருக்கு ஒரு வாட்டி போதும்" என்று சிரித்துக்கொண்டே ஒன்றை விட்டுவிட்டார். அது பெயரில் பாதி. விடச் சொன்னது நான்.

எஸ்டேட் டீக்கடையில் என்னோடு லோடு ஏற்றியவன் ஒருவன் இருந்தான். அவன் பெரியப்பா மகன் பாங்காக்கில் ஒரு இந்திய ஓட்டலில் சமையல்காரர். வெள்ளிக்கிழமை அவரிடம் பேசினோம். நல்ல மனிதர். துறைமுகத்துப் பக்கம் போய்ப் பார்க்கிறேன் என்றார். தங்கை பக்கத்தில் இருந்ததால் மேற்கொண்டு நான் பேசவில்லை. சாயந்திரம் வாக்கிங் போவதுபோல அயனம்பாக்கம் ஏரிக்கரைக்குப் போய் அங்கிருந்து மறுபடி கூப்பிட்டேன்.

"அண்ணே, ஆஸ்பத்திரிங்களும் பாருங்க."

"ஆஸ்பத்திரி எதுக்கு?"

"பாருங்களேன். காலு அடிபட்டவங்க யாராச்சும் நம்மாளு கீறாங்களான்னு."

"பொணக்கெடங்கும் பாக்கவா?" என்றார். சாதாரணமாகத்தான் கேட்டார், உப்பு போடவா என்பதுபோல. பாருங்கள் என்றேன். ஏரியில் தண்ணீர் கரை வரைக்கும் இருந்தது. அந்தப் பக்கம் அடுக்குமாடி விளக்குகள் தண்ணீருக்குள் நீளநீளமாக நின்றன. எனக்கு நீச்சல் தெரியாது. தண்ணீர் பக்கத்தில் நிற்பது எனக்கு எப்போதும் பிடிக்காது. அன்று ரொம்ப நேரம் நின்றேன்.

மூன்று நாள் அந்த மனிதர் வேலைக்குப் போகும் முன்னும் வந்த பின்னும் தேடினார். திங்கட்கிழமை கூப்பிட்டார். "எங்கியும் இல்ல தம்பி. நாலு ஆஸ்பத்திரி பாத்துட்டேன். இந்த ஊர்ல உங்காளு இல்ல." இல்லை என்றதும் எனக்கு நிம்மதியாக இருந்தது. பிணக்கிடங்கில் இல்லை என்றுதானே அர்த்தம். அந்த நிம்மதி டீ குடித்து முடிக்கும்வரை கூட நிற்கவில்லை. பாங்காக்கிலும் இல்லை, கப்பலிலும் இல்லை, வீட்டிலும் இல்லை. எங்கிருந்தோ ஒருவன் கேள்வி கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்கிறான், எட்டு நாளாக.

செவ்வாய்க்கிழமை தங்கை வேலைக்குப் போனதும் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தேன். காதில் மாட்டும் ஒயரை வைத்துக்கொண்டு அந்த முப்பத்தெட்டு நொடியைத் திரும்பத் திரும்பக் கேட்டேன். இந்த முறை அவன் பேச்சை விட்டுவிட்டு அதற்குப் பின்னால் இருந்ததைக் கேட்டேன்.

இரைச்சல் என்று நாங்கள் நினைத்தது மழை. தகரக் கூரையில் கனமாகப் பெய்யும் மழை. அது புரிந்த பிறகு வேறு எதுவாகவும் கேட்கவில்லை. மழைக்குள் ஒரு பெண் குரல், எனக்குத் தெரியாத ஒரு பாஷை, மெதுவான பாஷை. பத்தொன்பதாவது நொடியில் ஒரு சக்கரம். க்ரீச் என்று ஆரம்பித்து, தடதடவென்று ஓடி, நிற்கிறது. அந்தச் சத்தம் எனக்குத் தெரியும். ஒரு வருஷம் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் ஹவுஸ்கீப்பிங் கான்ட்ராக்டில் ஸ்ட்ரெச்சர் தள்ளியிருக்கிறேன். நாலு சக்கரத்தில் ஒன்றுக்கு எண்ணெய் போடாமல் இருப்பார்கள், காரிடார் முழுக்க அதுதான் கேட்கும்.

பத்திரமா கீறேன் என்று அவன் சொல்லவில்லை. ஆஸ்பத்திரியில் கீறேன் என்று சொல்லியிருக்கிறான். ஆஸ் என்ற துண்டு என் முதல் அலோவுக்கு அடியில் இருக்கிறது.

அது அப்படி என்றால் 'கால' எது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. எழுந்து போய்த் தண்ணீர் குடித்தேன். திரும்ப வந்து ஊர்ப் பெயரை வைத்துக்கொண்டேன்.

'எழுதிக்கோ' என்கிறானே, அவன் சொல்வதை மட்டும் எழுதுவோம் என்று ஒரு நோட்டை எடுத்தேன். பா. அது சரி. அடுத்து ங் வருகிறது, சரி. அடுத்து கோ என்று பேனா தானாகப் போனது. நிறுத்திவிட்டு மறுபடி கேட்டேன். அங்கே கோ இல்லை. க என்ற சத்தமே இல்லை. மூக்கிலிருந்து வரும் அந்தச் சத்தம் நேராக ஓ-வில் போய் முடிகிறது. தங்கம் என்று சொல்லிப் பார்த்தேன், சங்கு என்று சொல்லிப் பார்த்தேன். எல்லாவற்றிலும் ங் வந்தவுடன் க வந்து ஒட்டிக்கொள்கிறது. அவன் வாயில் ஒட்டவில்லை. நான்கு முறை, ஐந்து முறை கேட்டேன். எழுதினால் இப்படித்தான் எழுத வேண்டும்: பாஙோ.

அந்த எழுத்தை நான் எழுதியது பள்ளிக்கூடத்தில்தான். உயிர்மெய் வரிசையை எழுதிக்கொண்டு வரச் சொல்வார்கள். க வரிசை முடிந்ததும் ங வரிசை, ங ஙா ஙி ஙீ என்று. மற்ற எழுத்துக்கெல்லாம் அட்டையில் ஒரு படம் இருக்கும், இந்த வரிசைக்கு எதுவும் இருக்காது. இதில் ஒரு வார்த்தையும் கிடையாது என்று கண்டுபிடித்து, அந்த வரிசையை மட்டும் எழுதாமல் கொண்டுபோய் அடி வாங்கினேன். உபயோகமில்லாததை எதற்கு எழுத வேண்டும் என்று அப்போது தோன்றியது. பாஙோ பாஙோ என்று எழுதிப் பார்த்தேன். படிக்க விநோதமாக இருந்தது. ஆனால் வாய்விட்டுப் படித்தபோது அவன் சொன்னது அப்படியே வந்தது. ஒரு சொல்லை இரண்டு முறை சொல்லவில்லை அவன். சேர்த்து ஒரே மூச்சில் சொல்கிறான். பெயரே அவ்வளவு.

தங்கை இருக்கும் கட்டடத்தில் மாடியில் ஒரு பெண் இருந்தாள். அம்பத்தூரில் ஒரு கம்பெனியில் ராத்திரி ஷிஃப்ட். அமெரிக்க ஆஸ்பத்திரிகளின் பில்களைச் சரிபார்த்து அங்கே போன் போட்டுப் பேசுகிற வேலை. காலை ஆறரைக்குக் கம்பெனி வண்டி அவளைக் கொண்டுவந்து விடும். புதன்கிழமை காலை நான் வாசலில் நின்றேன். தங்கையும் வந்து நின்றாள். அவளிடம் நான், ஊர் வேறாக இருக்கலாம் என்று மட்டும்தான் சொல்லியிருந்தேன்.

அந்தப் பெண் நோட்டை வாங்கிப் பார்த்தாள். "என்னண்ணா இது, எந்த ஊர் எழுத்து?"

"தமிழுதான். படி."

"பா... ஙோ. பாஙோ பாஙோ." அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "குழந்தைய தூங்க வைக்கிற மாதிரி இருக்கு."

"அப்டி ஒரு ஊரு எங்கியாச்சும் கீதா பாரும்மா" என்றாள் தங்கை.

படியிலேயே உட்கார்ந்து போனில் ஆங்கிலத்தில் அடித்தாள். கொஞ்ச நேரம் பார்த்தாள். சிரிப்பு நின்றுவிட்டது.

"அண்ணா, இது பேகோ பேகோ."

"அதெல்லாம் இல்ல. பாஙோ."

"இல்லண்ணா, எழுதறது ஒண்ணு, படிக்கிறது ஒண்ணு. எங்க வேலைல அமெரிக்கா மாநிலமெல்லாம் ஒரு லிஸ்ட்ல வரும். அதுல ஏ.எஸ்.னு ஒண்ணு இருக்கும், அமெரிக்கன் சமோவா. எப்பவாவது ஒரு பில் வரும். அதுல ஊர் பேரு இதான். நடுவுல ஜி மட்டும்தான் போட்டிருப்பாங்க. பேகோ பேகோன்னு சொல்லிச் சொல்லி நாங்க சிரிப்போம். அவங்க ஊர்ல ஜி போட்டா ங-ன்னு படிக்கணுமாம், இதுல போட்டிருக்கு." போனைத் திருப்பிக் காட்டினாள். பசிபிக்கின் நீல நிறத்துக்கு நடுவில் ஒரு புள்ளி. அவள் விரல்களால் பெரிதாக்கினாள். புள்ளி ஒரு சின்னத் தீவாயிற்று. "தலைநகரம்தான். ஆனா நம்ம ஆவடி அளவு கூட இருக்காது. மீன் கம்பெனிங்க இருக்கு. ஆஸ்பத்திரி இருக்கு."

பூந்தமல்லியை இங்கிலீஷ் போர்டில் பூனமல்லீ என்று எழுதியிருக்கும், யாரும் அப்படிச் சொல்வதில்லை. எங்கள் ஸ்டேஷன் பெயரின் கடைசியில் வரும் வாயில் என்பதை வோயல் என்று எழுதியிருக்கும். என்னோடு லோடு ஏற்றிய பீகார்க்காரர்கள் அதைப் பார்த்து அப்படியே சொல்வார்கள், நாங்கள் கேலி செய்வோம். எழுத்து ஒன்று வாய் ஒன்றாக இருக்கும் ஊரில் பிறந்தவர்களுக்கு இது புரிய ஒன்பது நாள் ஆகியிருக்கக் கூடாது.

"ஞாயித்துக்கெழம" என்று தங்கை மெதுவாகச் சொன்னாள். "அது ஞாயித்துக்கெழமன்னு சொல்லிச்சே?"

அந்தப் பெண் மணியைப் பார்த்தாள். "அங்க இன்னும் நேத்துதான்க்கா. இப்ப அங்க செவ்வாய்க்கிழமை மத்தியானம். நமக்குத் திங்கட்கிழமை காலைன்னா அவருக்கு ஞாயிறு மத்தியானம். சரியாத்தான் சொல்லியிருக்காரு."

அவனுக்குப் புத்தி தெளிவாகத்தான் இருந்தது. அவன் சொன்னதில் தப்பு என்று நாங்கள் தள்ளிய ஒன்றுதான் எங்கள் காதில் முழுசாக விழுந்த ஒன்று.

மாடி வீட்டுப் பெண் தூங்கப் போகவில்லை. தன் போனிலிருந்தே அந்த ஊர் ஆஸ்பத்திரிக்கு அடித்து, ஒலிபெருக்கியில் போட்டாள். ஒரு பெண் எடுத்தாள். இவள் ஆபீஸ் குரலில், வேறு யாரோ போல, இங்கிலீஷில் பேசினாள். பேகோ பேகோ என்று பழக்கத்தில் சொல்லிவிட்டு, "சாரி, பாஙோ பாஙோ" என்று திருத்திக்கொண்டாள். அந்தப் பக்கம் இருந்த பெண் சிரித்துவிட்டு அதை ஒருமுறை சொல்லிக் காட்டினாள். பதிவில் இருந்த அதே சத்தம்.

நோயாளியின் பெயர் என்ன என்று கேட்டாள். அவன் பெயரில் ஒரு ழ உண்டு. பாஸ்போர்ட்டில் இருந்தபடி இசட், எச் என்று ஒவ்வொரு எழுத்தாக இவள் சொன்னாள். அங்கே தட்டும் சத்தம் கேட்டது. அப்படி யாரும் இல்லை என்றாள். எல் போட்டுச் சொன்னாள். இல்லை. ஆர் போட்டுச் சொன்னாள். தங்கை என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள், அது அவளுக்கே தெரியாது. கடைசியில் அந்தப் பெண் தட்டுவதை நிறுத்திவிட்டு என்னவோ கேட்டாள்.

"படகிலேர்ந்து வந்த இந்தியரான்னு கேக்கறாங்க" என்று மாடி வீட்டுப் பெண் எங்களிடம் சொன்னாள். "அப்டி ஒருத்தர் இருக்காராம். ஒருத்தர்தான் இருக்காராம். வார்டுக்குக் குடுக்கறேன்னு சொல்றாங்க."

ஒரு பாட்டு ஓடியது. ரொம்ப நேரம் ஓடியது. இன்னொரு குரல் வந்தது, காத்திருக்கச் சொன்னது. பிறகு சக்கரச் சத்தம். பிறகு மூச்சு.

"அலோ" என்றான்.

தங்கை போனைப் பிடுங்கிக்கொண்டாள். எப்படி இருக்கிறாய் என்று கேட்கவில்லை. நான்தான் என்று கூடச் சொல்லவில்லை.

"கால் கீதா?" என்று கேட்டாள்.

நான் அவளைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. ஒன்பது நாள் ஒரே வீட்டில் இருந்தோம். முதல் நாள் ஈரத் தலையோடு நின்று கேட்டபோதே அவளுக்கும் அது அப்படித்தான் கேட்டிருக்கிறது. காலைல கப்பல் என்று எனக்காகச் சொல்லியிருக்கிறாள்.

"ஒண்ணு கீது" என்றான்.

அவள் சுவரில் சாய்ந்துகொண்டாள். அவன் பேசினான். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது, யாருக்கோ நடந்ததைச் சொல்வதுபோல. கப்பலில் இரும்புக் கயிறு அறுந்து அடித்தது. கப்பல்காரர்கள் இரண்டு நாள் மருந்து கட்டிவிட்டு இங்கே கொண்டுவந்து இறக்கினார்கள். அதற்குள் காயம் கெட்டுவிட்டது.

"மொதல்ல முட்டிக்குக் கீழன்னாங்க. கையெழுத்து கேட்டாங்க. ஊட்ல கேட்டுதான் போடுவேன்னு சொல்லிட்டேன். நல்லவங்கதான், மூணு நாள் பொறுத்தாங்க. தெனம் வந்து ஊட்லேர்ந்து பதில் வந்துச்சான்னு கேட்டாங்க. அப்பறம் ஏறிடுச்சு. முட்டிக்கு மேல எடுத்துட்டாங்க."

"எடுத்துக்கன்னு சொல்லியிருப்பேன்" என்றாள் தங்கை. "அன்னிக்கே சொல்லியிருப்பேன்."

"தெரியும்."

"மறுபடி போன் பண்ண வேண்டியதுதானே?"

"போன் குடுத்தவன் அந்தக் கப்பல்லயே போயிட்டான். இங்க இருக்கறதுல நம்மூருக்குப் போவல." கொஞ்சம் மூச்சு வாங்கினான். "வந்துடும் வந்துடும்னு பாத்துகினு இருந்தேன். பேசினேனே, எப்டியும் கூப்புடுவீங்கன்னு."

மூன்று நாள் கழித்து என்றால் அங்கே புதன், இங்கே வியாழன். ஆவடியில் டைப்பிங் கடையில் உட்கார்ந்திருந்தேன்.

அங்கே யாரோ அவனிடம் எதையோ சொன்னார்கள். இரண்டு நிமிஷம்தான் பேசலாம் என்றிருப்பார்கள். "மச்சான் பக்கத்துல கீறானா?" என்று கேட்டான். தங்கை போனை என் பக்கம் நீட்டினாள்.

"கீறேன் மாப்ள."

"நல்லா கேட்டுச்சா மச்சான் அன்னிக்கு? நீ அலோ அலோன்னு கத்திகினே இருந்த. ஊர் பேரு சொன்னேனே, எழுதிக்கலையா?"

மாடி வீட்டுப் பெண் நோட்டை இன்னும் மடியில் வைத்துக்கொண்டிருந்தாள். தங்கை இப்போது என்னைப் பார்த்தாள்.

"எழுதிக்கினேன்" என்றேன்.